கோப்பின் முடிவில் சேர்த்தலும் இடையில் செருகுதலும்: பைதன் கற்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஒன்றை அண்டிய கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில், வார இறுதி மாலைகளில் பைதன் என்னும் நிரலாக்க மொழிக்கான வகுப்பொன்றை நடத்தி வருகிறேன். வருபவர்களுள் ஒரு பகுதியினர் க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடம் எடுத்த மாணவர்கள். மற்றவர்கள் கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம் போன்றவற்றின் இடாப்புகளைக் கணினியில் பேண விரும்பும் செயலாளர்களும் பொருளாளர்களும். இரு சாராரும் மீண்டும் மீண்டும் இடறும் இடம் ஒன்றே: ஏற்கெனவே இருக்கும் கோப்பொன்றில், இருப்பதைக் கெடுக்காமல், புதிய வரியொன்றை எவ்வாறு சேர்ப்பது?

கட்டளைகளின் பெயர்களை வகுப்பில் உச்சரிப்பது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டெழுதும்போது அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அமைய வேண்டும்.

புதிய வரியொன்றைச் சேர்ப்பதற்காக 'டபிள்யூ' முறையில் கோப்பைத் திறந்தேன். பழைய பதிவுகள் யாவும் மறைந்துவிட்டன. ஏன்? அவற்றை மீட்க முடியுமா?

'டபிள்யூ' என்பது "எழுதுவதற்காகத் திற" என்று மட்டும் பொருள்படுவதில்லை. "இருப்பதை வெறுமையாக்கிவிட்டு எழுதத் திற" என்பதே அதன் முழுப்பொருள். ஓப்பன் கட்டளை நிறைவேறும் அந்தக் கணத்திலேயே கோப்பின் நீளம் பூச்சியமாகிவிடுகிறது. நீங்கள் ரைட் கட்டளையை அழைத்தீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல. அடுத்த வரியில் செய்நிரல் வழுவுற்று நின்றாலும் அழிந்தது அழிந்ததே. கோப்பு நீக்கப்படாமல் வெறுமையாக்கப்பட்டதால், குப்பைத்தொட்டியிலும் அது இராது.

மீட்பதற்கு நடைமுறையில் இரண்டே வழிகள் உள்ளன. அதே கோப்பு நோட்பேட் போன்ற வேறொரு செயலியில் இன்னமும் திறந்திருந்தால், அதை மூடாமல், வேறு பெயரில் உடனே சேமியுங்கள். இல்லையேல் காப்புப் பிரதியைத் தேடுங்கள். என்னுடைய முதலாவது மழை இடாப்பை நானே இவ்வாறுதான் அழித்தேன். மழைமானியின் அளவை ஒவ்வொரு நாள் காலையிலும் கொப்பியிலும் குறித்து வைத்திருந்ததால், மூன்று மாதப் பதிவுகளைத் திரும்பவும் தட்டெழுத முடிந்தது.

ஏனைய முறைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஆர்' வாசிப்பதற்கு மட்டும். 'ஏ' இருப்பதைத் தொடாமல் முடிவில் சேர்ப்பதற்கு. 'எக்ஸ்' புதிய கோப்பை உருவாக்குவதற்கு. அப்பெயரில் ஏற்கெனவே கோப்பிருந்தால் வழுச் செய்தி தந்து நின்றுவிடும். புதிய கோப்பு எனக் கருதி எழுதும் இடங்களில் எல்லாம் 'டபிள்யூ' முறைக்குப் பதிலாக 'எக்ஸ்' முறையைப் பழக்கப்படுத்திக்கொள்ளுமாறு எனது மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். ஒரே எழுத்து வேறுபாட்டில் ஒரு வருடப் பதிவைக் காப்பாற்றக்கூடிய பழக்கம் அது.

'ஏ' முறையில் சேர்த்தேன். வழு எதுவும் வரவில்லை. ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் புதிய வரி இல்லை. எங்கே போனது?

பெரும்பாலும் அது வேறொரு கோப்பில் இருக்கும். 'ஏ' முறை, குறித்த பெயரில் கோப்பு இல்லாவிட்டால், எதுவும் சொல்லாமல் புதிய கோப்பொன்றை உருவாக்கிவிடும். பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலோ, செய்நிரலை வேறு கோப்புறையில் நின்று இயக்கினாலோ, உங்கள் வரி அந்தப் புதிய கோப்பில் தனித்துக் கிடக்கும். கோப்பின் முழுப் பாதையையும் திரையில் அச்சிடச் செய்து பாருங்கள், ஐயம் தீர்ந்துவிடும்.

விண்டோஸில் பாதையை எழுதும்போது இன்னொரு பொறியும் உண்டு. பின்சாய்வுக்கோட்டை அடுத்து ஆங்கில 'என்' எழுத்து வந்தால் பைதன் அதனை வரி முறிவாகவும், 'டி' வந்தால் தத்தற் குறியாகவும் (டாப்) கொள்ளும். பாதையில் முன்சாய்வுக்கோட்டைப் பயன்படுத்துங்கள். விண்டோஸும் அதை ஏற்றுக்கொள்ளும்.

சேர்த்த வரி முந்தைய வரியுடன் ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

ரைட் கட்டளை நீங்கள் கொடுத்ததை மட்டுமே எழுதும். வரியை முடித்துவைப்பது அதன் வேலையன்று. ரைட்லைன்ஸ் என்னும் கட்டளையும், பெயரில் "வரிகள்" என்ற பொருள் இருந்தும், வரி முறிவைச் சேர்ப்பதில்லை. பிரின்ட் கட்டளைக்குக் கோப்பைக் கொடுத்து எழுதினால் மட்டும் இறுதியில் வரி முறிவு தானாக வரும். தொடக்கநிலையினருக்கு அதுவே எளிது.

வரி முறிவை ஒவ்வொரு வரியின் முடிவிலும் எழுத வேண்டும், தொடக்கத்தில் அன்று. தொடக்கத்தில் எழுதும் வழக்கம் முதலில் தீர்வு போலத் தோன்றினாலும், கோப்பின் முதல் வரி வெற்று வரியாகிவிடும். இறுதி வரி எப்போதும் முடிவுறாமல் நிற்கும். அடுத்து எழுத வருபவர் அதில் முட்டிக்கொள்வார்.

உங்கள் கோப்பை நோட்பேட்டில் திருத்திய வேறொருவர் கடைசி வரியை முடிக்காமல் விட்டிருக்கலாம். ஆகவே, பிறர் கைபட்ட கோப்பில் சேர்க்கும் முன்னர் அதன் கடைசிப் பைற்றை, அதாவது கோப்பு சேமிக்கப்படும் சிறு அலகுகளில் கடைசியானதை, சோதித்தல் நன்று. உரையாக மாற்றாமல் பைற்றுகளாகவே வாசிக்கும் 'ஆர்பி' என்னும் இருமமுறையில் திறந்து, கோப்பு வெறுமையன்று என்பதை உறுதிசெய்து, சீக் கட்டளையால் முடிவிலிருந்து ஒரு பைற்று பின்னே நகர்ந்து வாசியுங்கள். அது வரி முறிவாக இல்லாவிட்டால் முதலில் ஒரு வரி முறிவை எழுதிய பின் உங்கள் வரியை எழுதுங்கள். உரைமுறையில் முடிவிலிருந்து பின்னோக்கிச் செல்லப் பைதன் அனுமதிப்பதில்லை என்பதால் இச்சோதனைக்கு இருமமுறையே தேவை.

பட்டியலில் இன்சேர்ட் கட்டளை இருக்கிறது. கோப்பின் இடையில் செருகுவதற்கு மட்டும் ஏன் அப்படியொரு கட்டளை இல்லை?

இக்கேள்வியை விளங்கிக்கொண்டவருக்கு இப்பக்கத்தின் ஏனைய விடைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

கோப்பு என்பது கணினிக்கு வரிகளின் தொகுதியன்று. ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும் பைற்றுகளின் நீண்ட வரிசை. வரி முறிவும் அவ்வரிசையில் நிற்கும் ஒன்றோ இரண்டோ பைற்றுகள்தான். வரிசையின் முடிவில் இடமுண்டு, இடையில் இல்லை. ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் கீறிய இரு வரிகளுக்கு நடுவே புதியதொரு பாடலுக்கு இடமிராது. பழைய நூல்களில் நாம் காணும் இடைச்செருகல்கள் பலவும் ஏடு பெயர்த்தெழுதும் வேளையிலேயே உள்ளே புகுந்தன. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டை எழுதுபவர், உரிய இடம் வந்ததும் புதிய பாடலை எழுதிவிட்டு, மிகுதியைத் தொடர்ந்து எழுதினார். கோப்பின் இடையில் செருகுவதும் அதுவேதான்: பெயர்த்தெழுதாமல் செருக முடியாது.

வாசிக்கவும் எழுதவும் இடந்தரும் 'ஆர் பிளஸ்' முறையில் திறந்து, உரிய இடத்துக்குச் சீக் செய்து எழுதினால் என்னவென்று பலர் கேட்பர். அவ்வாறு எழுதினால் புதிய எழுத்துகள் பழையவற்றைத் தள்ளி வைக்கமாட்டா. அவற்றின் மீதே எழுதப்படும். ஓர் எடுத்துக்காட்டு. கோப்பின் முதல் வரியில் "ஒட்டுசுட்டான்" என்றிருக்கிறது. அதற்கு முன்னால் "நெடுங்கேணி" என்று செருக விரும்பி, 'ஆர் பிளஸ்' முறையில் தொடக்கத்திலேயே எழுதுகிறீர்கள். எழுத்துகளைப் பைற்றுகளாக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (உயிர், அகர மெய், கால், கொம்பு, புள்ளி போன்ற ஒவ்வொன்றுக்கும்) 3 பைற்றுகள். "நெடுங்கேணி" என்பது 10 குறியீடுகள், அதாவது 30 பைற்றுகள். "ஒட்டுசுட்டான்" என்பது 13 குறியீடுகள், அதாவது 39 பைற்றுகள். முதல் 30 பைற்றுகளின் மீது புதிய பெயர் எழுதப்பட, பழைய பெயரின் கடைசி 9 பைற்றுகள் எஞ்சுகின்றன. அவ்வொன்பது பைற்றுகளும் ஒரு கால், ஒரு னகரம், ஒரு புள்ளி. ஆகவே கோப்பில் இப்போது இருப்பது "நெடுங்கேணிான்". இரண்டு ஊர்களும் போய், உலகில் இல்லாத ஓர் ஊர் வந்துவிட்டது.

ஒரே நீளமுள்ள பெறுமானத்தை மற்றொன்றால் மாற்றுவதற்கு, உதாரணமாக நான்கு இலக்க எண்ணொன்றை வேறொரு நான்கு இலக்க எண்ணால் மாற்றுவதற்கு, 'ஆர் பிளஸ்' பயன்படும். செருகுவதற்கு அது உரியதன்று.

லினக்ஸ் கருவகத்தில், 2015ஆம் ஆண்டு வெளிவந்த 4.1 பதிப்பிலிருந்து, கோப்பின் இடையில் வெற்றிடத்தைத் திறந்துவிடும் வசதியொன்று உண்டு என்பதையும் ஆர்வமுள்ளோருக்காகக் குறிப்பிடுகிறேன். அது சில கோப்பு முறைமைகளில் மட்டும், அதுவும் முழுக் கட்டங்களின் மடங்காக மட்டுமே இயங்குவதால், நமது ஒரு வரித் தேவைக்கு உதவாது.

அப்படியாயின், இடையில் ஒரு வரியைச் செருகும் சரியான வழி என்ன?

பெயர்த்தெழுதுதலே. அதனைப் பின்வரும் ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில், கோப்பை 'ஆர்' முறையில் திறந்து, ரீட்லைன்ஸ் கட்டளையால் எல்லா வரிகளையும் ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டு, கோப்பை மூடிவிடுங்கள். அடுத்து, அப்பட்டியலில் இன்சேர்ட் கட்டளையால் புதிய வரியை, அதன் முடிவில் வரி முறிவுடன், செருகுங்கள். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குகிறது என்பதை மறவாதீர்கள். ஐந்தாவது வரியாக அமைய வேண்டுமெனில் கொடுக்க வேண்டிய எண் 4. பட்டியலின் நீளத்தைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தால் பைதன் வழு எதையும் சொல்லாமல் வரியை முடிவில் வைத்துவிடும். எனவே எண்ணைக் கொடுக்கும் முன்னர் நீளத்துடன் ஒப்பிடுவது உங்கள் பொறுப்பு.

பின்னர், மாற்றிய பட்டியலைப் பழைய கோப்பின் மீது எழுதாமல், அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பொன்றை உருவாக்கி அதில் எழுதுங்கள். எழுதி மூடியபின் அதைத் திரும்ப வாசித்து வரிகளை எண்ணுங்கள். பழைய எண்ணிக்கையுடன் ஒன்று கூடியிருந்தால் மாத்திரம், பைதனுடன் சேர்ந்தே வரும் ஓஎஸ் என்னும் கட்டளைத் தொகுதியிலுள்ள ரிப்ளேஸ் கட்டளையால் தற்காலிகக் கோப்பைப் பழைய பெயருக்கு மாற்றுங்கள்.

பாடநூல் உதாரணங்கள் பலவற்றில் இந்த இறுதிப் பகுதி இருக்காது. பட்டியலை நேரே பழைய கோப்பின் மீது 'டபிள்யூ' முறையில் எழுதிவிடுவார்கள். பரீட்சை விடைக்கு அது போதும். மின்சாரம் எந்நேரமும் தடைப்படக்கூடிய இடத்தில் உண்மையான இடாப்பைப் பேணுபவருக்கு அது போதாது. வெறுமையாக்கப்பட்ட கணத்துக்கும் எழுதி முடிந்த கணத்துக்கும் நடுவே கணினி நின்றுபோனால், பழையதும் இராது, புதியதும் இராது. தற்காலிகக் கோப்பு வழியில், எந்தக் கணத்தில் எது நின்றாலும், முழுமையான கோப்பு ஒன்று எங்கேனும் எஞ்சியிருக்கும்.

பெயர்மாற்றத்துக்கு ரீநேம் கட்டளையைப் பயன்படுத்தினால், அதே பெயரில் கோப்பு இருக்கும்போது விண்டோஸில் வழு வரும். ரிப்ளேஸ் கட்டளை விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு இயங்குதளங்களிலும் ஒரேமாதிரி நடந்துகொள்ளும். தற்காலிகக் கோப்பு அதே கோப்புறையில் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணமுண்டு: வன்தட்டிலிருந்து பென்டிரைவுக்கு என்பது போல ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்கு இக்கட்டளையால் மாற்ற முடியாது.

வரி எண் எனக்குத் தெரியாது. குறித்த ஒரு பெயருள்ள வரிக்குப் பின்னால் செருக வேண்டும். எப்படித் தேடுவது?

வரி எண்ணை நம்புவதைவிட உள்ளடக்கத்தைத் தேடுவதே நல்லது. நேற்று யாரோ ஒரு வரியைச் சேர்த்திருந்தால் இன்றைய எண் மாறியிருக்கும். பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்து, பொருந்தும் வரியைக் கண்டதும் அதன் சுட்டெண்ணுடன் ஒன்றைக் கூட்டி அவ்விடத்தில் செருகுங்கள்.

பொருத்திப் பார்ப்பதில் வன்னிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நமது ஊர்ப்பெயர்களில் கணிசமானவை குளத்தில் முடிகின்றன. கனகராயன்குளம், வவுனிக்குளம், புளியங்குளம் எல்லாம் உள்ள இடாப்பில் "குளம்" என்னும் சொல் அடங்கியிருக்கிறதா என்று தேடினால், முதலில் வரும் ஏதோவொரு குளத்துக்குப் பின்னால் உங்கள் வரி போய்ச் சேரும். வரியைக் காற்புள்ளியில் பிரித்து, முதற் புலத்தை இருபக்க வெற்றிடங்களையும் நீக்கியபின், முழுமையாகச் சமமா என்று பாருங்கள்.

அவ்வாறு பார்த்தும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்கள் சமமில்லை என்று பைதன் சொல்லக்கூடும். "கிளிநொச்சி" என்பது நமக்கு ஐந்து எழுத்துகள். யூனிகோடில் வழமையாக 10 குறியீடுகள். ஆயினும் 'நொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டாவது விதத்தில் எழுதினால் சொல் 11 குறியீடுகளாகிவிடும். திரையில் வேறுபாடே தெரியாது. யூனிகோட்டேட்டா தொகுதியின் நோர்மலைஸ் கட்டளையை 'என்எஃப்சி' வடிவத்துடன் பயன்படுத்தி, தேடும் சொல்லையும் கோப்பின் வரியையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்னர் ஒப்பிடுங்கள்.

தேடிய பெயர் கிடைக்காவிட்டால் எதையும் எழுதாமல் நில்லுங்கள். இரண்டு இடங்களில் கிடைத்தாலும் நின்று, பயனரைக் கேளுங்கள். ஊகித்து எழுதும் செய்நிரல் இடாப்புக்கு ஆபத்தானது.

தமிழில் எழுத முயன்றால் வழு வருகிறது. சில சமயம் கேள்விக்குறிகளும் விளங்காத எழுத்துகளும் வருகின்றன. என்ன செய்ய வேண்டும்?

ஓப்பன் கட்டளையின் அடைப்புக்குறிக்குள் என்கோடிங் என்னும் அளபுருவை (கட்டளைக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விவரத்தை) சேர்த்து, யூடிஎஃப்-8 என்று எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதும்போது மட்டுமல்ல, வாசிக்கும்போதும்.

அதைச் சொல்லாதபோது, இன்று பரவலாகப் புழங்கும் பைதன் பதிப்புகள் இயங்குதளத்தின் வழக்கமான குறிமுறையை எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8 ஆகவே இருப்பதால் தொல்லையில்லை. ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸிலோ அது மேற்கைரோப்பிய மொழிகளுக்கான 1252 என்னும் பட்டியல். அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஆகவே தமிழை எழுத முயன்றதும் வழு வருகிறது. இங்கே முதற்கேள்வியின் விடையை நினைவுகூருங்கள்: 'டபிள்யூ' முறையில் திறந்திருந்தால், வழு வருவதற்கு முன்னரே பழைய பதிவுகள் அழிந்திருக்கும்.

வாசிக்கும்போது நிகழ்வது இன்னும் குழப்பமானது. ஒரு கோப்பு வாசிக்கப்பட்டு விளங்காத எழுத்துகளைத் தரும். இன்னொன்று வாசிக்கவே முடியாமல் நின்றுவிடும். காரணம் இதுதான்: மெய்யெழுத்தின் புள்ளிக்கு யூடிஎஃப்-8 குறிமுறையில் மூன்றாவது பைற்று 141. 1252 பட்டியலில் அந்த இடம் வெற்றிடம். உகரக் குறியின் மூன்றாவது பைற்றான 129க்கும் அதே கதி. "மழை" என்பதில் புள்ளியும் இல்லை, உகரக் குறியும் இல்லை. அது பிழையாகவேனும் வாசிக்கப்பட்டுவிடும். "குளம்" என்பதில் இரண்டும் உண்டு. பைதன் அங்கேயே நின்றுவிடும்.

பைதனின் 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 குறிமுறையே எல்லா இயங்குதளங்களிலும் இயல்பாக அமையும் என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. எனினும் பழைய கணினிகள் பல கிராமங்களில் இன்னும் பல வருடங்கள் உழைக்கும்; ஆகவே வெளிப்படையாக எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

எங்கள் சங்கத்தின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் உள்ளன. அவற்றின் முடிவில் யூனிகோடு வரிகளைச் சேர்க்கலாமா?

வேண்டாம். பாமினியில் தட்டெழுதிய உரை, கோப்பினுள் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துருதான் அவற்றைத் திரையில் தமிழ் வடிவில் காட்டுகிறது. அதன் கீழே யூனிகோடு வரிகளைச் சேர்த்தால், ஒரே கோப்பில் பாதி ஒரு குறிமுறையிலும் மீதி இன்னொன்றிலும் நிற்கும். தேடலும் வரிசைப்படுத்தலும் இரண்டுக்கும் சேர்த்து ஒருபோதும் சரிவராது. முதலில் முழுக் கோப்பையும் மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றி, பெயர்களையும் எண்களையும் மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, அதன்பின் சேர்க்கத் தொடங்குங்கள். மூலக் கோப்பை நீக்காமல் வைத்திருங்கள். மாற்றிகள் ஆங்கிலச் சொற்களையும் தமிழென எண்ணி மாற்றிவிடுவதுண்டு. தொலைபேசி இலக்கங்களுக்கு அருகிலுள்ள சுருக்கங்களையும் அடையாள அட்டை இலக்கங்களின் ஈற்றெழுத்துகளையும் குறிப்பாகக் கவனியுங்கள்.

சிஎஸ்வி கோப்பில் (புலங்களைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பில்) சேர்த்தபின் எக்செலில் திறந்தால் தமிழ் சிதைந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நடுவே வெற்று வரியும் வருகிறது.

இவை இரண்டு வெவ்வேறு குறைகள். வெற்று வரிகளுக்குக் காரணம், விண்டோஸில் வரி முறிவு இருமுறை மாற்றப்படுவது. ஓப்பன் கட்டளையில் நியூலைன் என்னும் அளபுருவுக்கு வெற்றுச் சரத்தை, அதாவது உள்ளே எதுவுமில்லாத மேற்கோட்குறிகளை, கொடுத்தால் அது நீங்கும். தமிழ் சிதைவதற்குக் காரணம், கோப்பின் தொடக்கத்தில் அடையாளக் குறி இல்லாவிட்டால் எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று அறியாமற்போவது. கோப்பை முதன்முதல் உருவாக்கும்போது குறிமுறையை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். அதே பெயருடன் பின்னர் 'ஏ' முறையில் திறந்தாலும், பைதன் அக்குறியை இடையில் மறுபடி எழுதாது.

வரியை எழுதிய சில கணங்களில் மின்சாரம் நின்றது. மீண்டும் பார்த்தபோது அந்த வரி கோப்பில் இல்லை. ரைட் கட்டளை வழுவின்றி முடிந்தபின் இது எப்படி நேரும்?

ரைட் கட்டளை முடிந்தது என்றால், உங்கள் உரை வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று பொருளன்று. வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் வயலை அடையும் முன்னர் நடுவில் தேங்குவதைப் போல, உரை முதலில் பைதனின் இடைத்தேக்கத்திலும், பின்னர் இயங்குதளத்தின் இடைத்தேக்கத்திலும் நின்றுதான் வட்டுக்குப் போகிறது. ஃபிளஷ் கட்டளை முதலாவது தேக்கத்தைத் திறந்துவிடும். ஓஎஸ் தொகுதியின் எஃப்சிங்க் கட்டளை இரண்டாவதைத் திறந்துவிடும். அவ்விரண்டையும் அந்த ஒழுங்கிலேயே அழைத்தால், இயன்ற மட்டும் வட்டில் சேர்ந்துவிட்டதென நம்பலாம். செருகுவதற்குச் சொன்ன வழியிலும், ரிப்ளேஸ் கட்டளைக்கு முன்னர் தற்காலிகக் கோப்பின் மீது இவ்விரண்டையும் அழைப்பது நன்று.

கோப்பை எப்போதும் வித் என்னும் கூற்றினுள் திறவுங்கள். அக்கூற்றின் உட்பகுதி முடிந்ததும், இடையில் வழு வந்தாலும்கூட, கோப்பு மூடப்பட்டு முதலாவது தேக்கம் வெறுமையாகும். மழைமானிப் பதிவு போல நாளுக்கு ஒருமுறை மட்டும் எழுதுவதாயின், திறந்து, ஒரு வரி எழுதி, உடனே மூடும் வழியே பாதுகாப்பானது. நாள் முழுதும் கோப்பைத் திறந்தபடி வைத்திருக்க வேண்டியதில்லை.

முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றினால் பழைய கணினி தாங்குமா?

நாளுக்கு ஒரு வரி வீதம் 20 வருடங்கள் எழுதினாலும் ஏறக்குறைய 7300 வரிகள்தான்; வரிக்கு 40 பைற்று என்று கொண்டால் மூன்று இலட்சம் பைற்றுகளுக்கும் குறைவு. தாங்கும். உண்மையிலேயே பெரிய கோப்பெனில், பட்டியலாக எடுக்காமல், ஒவ்வொரு வரியாக வாசித்துத் தற்காலிகக் கோப்பில் எழுதிக்கொண்டே போய், உரிய இடத்தில் புதிய வரியை எழுதிவிட்டுத் தொடருங்கள்.

ஃபைல்இன்புட், பாத்லிப் ஆகிய தொகுதிகளால் எளிதாகச் செய்யலாம் என்கிறார்களே?

ஃபைல்இன்புட் தொகுதியில் இன்பிளேஸ் அளபுருவைக் கொடுத்தால், பிரின்ட் செய்வதெல்லாம் திரைக்குப் போகாமல் கோப்புக்குப் போகும். உள்ளே அதுவும் பெயர்த்தெழுதவே செய்கிறது. ஒரு வரியை அச்சிட மறந்தால் அவ்வரி கோப்பிலிருந்து நீங்கிவிடும் என்பதால், பழகாதவர்கள் பேக்கப் அளபுருவின்றி அதைத் தொட வேண்டாம். பாத்லிப் தொகுதியின் ரைட்-டெக்ஸ்ட் கட்டளை இருப்பதை அழித்துவிட்டே எழுதும். முடிவில் சேர்ப்பதற்கு அதே தொகுதியின் ஓப்பன் கட்டளையை 'ஏ' முறையில் பயன்படுத்த வேண்டும்.

வேர்ட் ஆவணத்தின் முடிவில் 'ஏ' முறையில் வரி சேர்க்க முடியுமா?

முடியாது. வேர்ட் ஆவணம் உள்ளே பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதன் முடிவில் உரையைச் சேர்த்தால் ஆவணத்தில் அது தோன்றாது. ஆவணம் திறக்காமலும் போகலாம். அதற்கென பைதன்-டொக்எக்ஸ் என்னும் நூலகமும், எக்செல் கோப்புகளுக்கு ஓப்பன்பைஎக்செல் என்னும் நூலகமும் உள்ளன.

ஒரே கோப்பில் இரண்டு கணினிகளிலிருந்து எழுதலாமா?

முடிவில் சேர்ப்பது மட்டுமாயின், ஒரே கணினியில் பெரும்பாலும் தப்பிவிடலாம். வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் அந்த உறுதி இல்லை. இடையில் செருகுவது நிச்சயமாகக் கூடாது: செயலாளர் வாசித்துச் செருகி எழுதும் அதே வேளையில் பொருளாளரும் வாசித்துச் செருகி எழுதினால், பிந்தி எழுதியவரின் பிரதியே நிலைக்கும், முந்தியவரின் வரி சுவடின்றிப் போகும். அந்நிலைக்கு வந்துவிட்ட சங்கங்களுக்கு எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தைப் பரிந்துரைக்கிறேன். பைதனுடன் அது சேர்ந்தே வருகிறது. ஒரே கோப்பாக இருக்கும். பூட்டுவதையும் திறப்பதையும் தானே பார்த்துக்கொள்ளும். அங்கே "இடையில் செருகுதல்" என்ற கேள்வியே எழாது. வரிசையை வாசிக்கும்போது தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனாலும், கோப்பை வலையமைப்பில் பகிர்ந்து வைக்காமல் ஒரே கணினியில் வைத்தே பயன்படுத்துங்கள்.

செய்நிரலைத் தவறுதலாக இருமுறை இயக்கிவிட்டேன். ஒரே நாளின் பதிவு இரண்டு வரிகளாகிவிட்டது. எவ்வாறு தடுப்பது?

சேர்க்கும் முன்னர் கோப்பின் கடைசி வரியை வாசித்து, அதன் திகதி இன்றைய திகதியாக இருந்தால் எழுத மறுக்கச் செய்யுங்கள். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால், சரங்களாக ஒப்பிட்டாலே முந்தியது எது, பிந்தியது எது என்று தெரிந்துவிடும்.

அதே இடத்தில் பெறுமானத்தையும் சோதியுங்கள். இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பதிபவர் 26 என்பதற்குப் பதிலாக 62 என்று தட்டிவிடலாம். புனரமைப்பின் பின் அக்குளத்தின் முழு மட்டம் 36 அடி. அதற்கு மிக மேலான எண் வந்தால் செய்நிரல் ஒருமுறை திருப்பிக் கேட்கட்டும். மேலே கூறிய கோப்பு வேலைகள் யாவும் பிழையின்றி நடந்தாலும், பிழையான எண்ணைப் பத்திரமாகச் சேமிப்பதால் பயனில்லை. காலபோக வெள்ளத்தின்போதோ, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிக்கும்போதோ, இந்த எண்களைத்தான் பார்ப்பார்கள்.

கணினியில் எழுதத் தொடங்கியபின் காகித இடாப்பை நிறுத்திவிடலாமா?

முதல் வருடத்தில் நிறுத்த வேண்டாம் என்பதே எனது கருத்து. 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, பிறகு ஒவ்வொரு கடதாசிக்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய குடும்பங்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கின்றன. ஒரே பிரதி, ஒரே இடம் என்றிருப்பதன் விலையை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாதத்தின் கடைசி நாளில், ஷட்டில் தொகுதியின் கொப்பி2 கட்டளையால், ஆண்டும் மாதமும் பெயரின் முன்னால் வருமாறு இடாப்பைப் பென்டிரைவொன்றில் பிரதி எடுங்கள். அந்தப் பென்டிரைவ் கணினி இருக்கும் கட்டடத்தில் இருக்கக் கூடாது. பொருளாளர் வீட்டில் இருக்கட்டும். பிரதி எடுத்த அன்றே அதைத் திறந்து, கடைசி வரியின் திகதியைப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.